கணவரின் எதிருரையில் என் வாட்ஸ்அப் செய்திகள்: கம்பெனிதான் எடுத்துக் கொடுத்ததா?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 40. பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு மகனை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கும் ஜீவனாம்ச மனுவும் நடக்கின்றன. அண்மையில் கணவர் தரப்பு தாக்கல் செய்த எதிருரையில், இவர் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் ஸ்கிரீன்ஷாட்டோடு வரிக்கு வரி இருந்தன. நகையை அடகு வைத்தது, பெங்களூரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தது, மாமியாரைப் பற்றிக் கோபத்தில் எழுதியது எல்லாமே. "அக்காவுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாது என்று வாட்ஸ்அப்பே எழுதிக் காட்டுகிறது. அப்படியென்றால் கம்பெனியைத் தவிர வேறு யார் கொடுத்திருக்க முடியும்?" என்று கேட்கிறார். நகைக்கடன் பற்றி எழுதிய மறுநாளே போனில் நகைக்கடன் விளம்பரமாக வந்ததும் அவருடைய சந்தேகத்தை வலுவாக்கியிருக்கிறது.

அலுவலகத் தோழி ஒருவர், "அது உள்ளே என்ன இருக்குன்னே காட்டாத சாஃப்ட்வேர், காசு கொடுத்தா எடுத்துக் கொடுப்பாங்க" என்று சொல்ல, இவரும் அக்காவும் டெலிகிராமுக்கு மாறிவிட்டார்கள். தம்பி, நம்மூர் அரட்டை செயலிதான் நல்லது என்கிறார். என்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், சிக்னல் என்ற செயலியைத் தவிர எதையும் தொடக்கூடாது என்கிறான். இதற்கிடையில் மனம் வெறுத்து, கணவரோடு பேசிய பழைய செய்திகளையெல்லாம் அழித்துவிட்டார். வாட்ஸ்அப் மீது வழக்குப் போட முடியுமா, இந்தச் செய்திகளை நீதிமன்றம் ஏற்குமா, எந்தச் செயலியைத்தான் நம்புவது, மகன் டேப்லெட்டில் அப்பாவோடு வீடியோவில் பேசுவதையும் நிறுத்திவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நம் மனதுக்கு நெருங்கிய ஒருவரிடம் மட்டும் கொட்டித் தீர்த்த வார்த்தைகளை வழக்குக் கட்டில் டைப் செய்த தாளாகப் பார்ப்பது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. அக்காவிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "கிளம்பிய அவசரத்தில் என் லேப்டாப்பைக்கூட எடுத்து வரவில்லை." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அந்த லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருந்தீர்களா? கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் போன் பக்கத்தில் இணையத்தோடு இருந்தால்தான் அது வேலை செய்யும். 2021க்குப் பிறகு அப்படி இல்லை. ஒருமுறை இணைத்த கணினி, உங்கள் போன் எந்த ஊரில் இருந்தாலும் செய்திகளைத் தானாகவே வாங்கிக்கொள்ளும். ஒரு கணக்கில் இப்படி நான்கு சாதனங்கள்வரை இணைக்கலாம். லேப்டாப்பை யாராவது அவ்வப்போது திறந்துகொண்டிருந்தால் போதும், நீங்கள் இன்று அனுப்புவதும் அங்கே தெரியும்.

இன்றே பார்க்க வேண்டியவை

எதிருரையோடு வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பியவை வலப்பக்கம் இருக்கும், நமக்கு வந்தவை இடப்பக்கம் இருக்கும். உங்கள் வரிகள் வலப்பக்கம் இருந்தால் அது உங்கள் கணக்கிலிருந்தே எடுத்த படம். இடப்பக்கம் இருந்தால் அக்காவின் போனிலிருந்தோ, அதோடு இணைந்த சாதனத்திலிருந்தோ எடுத்தது. படம் அகலமாக, இடது ஓரத்தில் பெயர்ப் பட்டியலோடு இருந்தால் கணினியில் எடுத்தது. அப்புறம் தேதிகளைப் பாருங்கள். நீங்கள் வீட்டை விட்டு வருவதற்கு முந்தைய செய்திகள் மட்டும் இருந்தால், அப்போதே உங்கள் போனைப் பார்த்து எடுத்திருக்கலாம். வந்த பிறகு எழுதியவையும் இருந்தால், இன்னமும் ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள். பெங்களூர் வேலை பற்றித் தாய்வீட்டிலிருந்து எழுதியதாகத்தான் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால் இரண்டாவதாகச் சொன்னதற்கே வாய்ப்பு அதிகம்.

போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போங்கள். இணைந்த கணினியும் அது கடைசியாக இயங்கிய நேரமும் அங்கே தெரியும். பார்த்தவுடன் பதறிப்போய் லாக் அவுட் செய்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்னொருவர் போனிலிருந்து அந்தத் திரையைத் தேதி நேரத்தோடு படமும் எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்ததைக் காட்டும் நேரடியான தடயம் அதுதான். உங்கள் வழக்கறிஞருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அன்றே லாக் அவுட் செய்யுங்கள். இணைப்பை வெட்டியதும் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். கோபத்தில் வாசலில் வந்து நிற்பார் என்ற பயம் துளியும் இருந்தால், வீட்டில் ஆண்கள் பெண்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது? நம் குடும்பங்களில் மனைவியின் சிம்மைக் கணவர் பெயரிலேயே வாங்கியிருப்பார்கள். பெயர் அவருடையது என்றால் அவர் டூப்ளிகேட் சிம் கேட்டு வாங்க முடியும், அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி அவருக்குப் போகும். எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாவிட்டால் புது எண் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின் எண்ணையும் போட்டு வையுங்கள். மகனின் பிறந்த தேதியைப் பின் எண்ணாக வைக்க வேண்டாம், அவருக்கும் அது தெரியும்.

அக்காவின் போனையும் விட்டுவிட முடியாது. இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. செய்தி இரண்டு போன்களில் இருக்கிறது. உங்கள் போனை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், அங்கே அத்தான் கையிலோ பிள்ளைகள் கையிலோ அது போய் வரும். வரிகள் இடப்பக்கம் இருந்தால் அக்கா மேல் கோபப்படாதீர்கள். அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

சரி, வாட்ஸ்அப்பை நம்பலாமா?

உங்கள் செய்திகளைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று சொல்வதால், கம்பெனியை முழுக்க நம்பலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். வாட்ஸ்அப்பின் மூல நிரல், அதாவது செயலியை உருவாக்க எழுதிய கட்டளைகள், வெளியில் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அந்த நிறுவனத்தின் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல், விற்பவர் சொல்வதை நம்பி மனை வாங்குவதைப் போல. விற்பவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அது நாம் சரிபார்த்த செய்தி ஆகாது.

இப்படி நம்பி ஏமாந்த கதை உண்டு. ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்கூடம் முதல் நீதிமன்றம்வரை எல்லாம் ஜூம் செயலியில் நடந்ததே, அந்த நிறுவனம் தன் கூட்டங்களுக்கு எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருப்பதாக விளம்பரம் செய்தது. பேசுகிற இருவரைத் தவிர, நடுவில் இருக்கும் நிறுவனம்கூடத் திறக்க முடியாதபடி பூட்டுவதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பார்த்தால், சாவி நிறுவனத்திடமே இருந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2020 நவம்பரில் இதைக் குற்றச்சாட்டாகவே வைத்து ஜூமோடு உடன்பாட்டுக்கு வந்தது. விளம்பரத்தை நம்பிப் பேசிய சாதாரண மக்களுக்குத் தாமாக அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வாட்ஸ்அப்பின் கதை வேறு மாதிரி. 2014இல் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது, பயனாளர்களுக்கு எதுவும் மாறாது என்று வாக்குக் கொடுத்தார்கள். இரண்டு நிறுவனங்களின் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்ப்பது நம்பகமாக முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடமும் சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் கொள்கையை மாற்றி, பேஸ்புக்கோடு தகவல் பகிரத் தொடங்கினார்கள். அது முடியும் என்பது 2014இலேயே தெரிந்திருந்தது என்று கண்ட ஆணையம், 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பில் வந்த புதிய கொள்கை அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஒத்துக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ என்ற தொனியில் வந்ததே, அதுதான். அதற்காக நம் நாட்டின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், பேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை நிலைநிறுத்தி, தடையை மட்டும் நீக்கியது.

இந்த அபராதங்கள் எதுவும் நீங்கள் எழுதிய செய்தியைப் படித்ததற்காகப் போட்டவை இல்லை. செய்தியைச் சுற்றியிருக்கும் தகவலுக்காகவும், கொடுத்த வாக்கு மாறியதற்காகவும் போட்டவை. மூடிய செயலியில் எனக்குள்ள பெரிய பயமும் அதுதான். நாளைக்கு ஒரு கொள்கை மாற்றம் வந்தால், அதைத் தடுக்கவோ உள்ளே எட்டிப் பார்க்கவோ நம் கையில் எதுவும் இல்லை.

செய்தியைச் சுற்றியிருக்கும் தகவல் என்று எதைச் சொல்கிறேன்? உங்கள் எண், போனில் உள்ள தொடர்புகள், இருக்கும் குழுக்கள், எந்த இணைய முகவரியிலிருந்து (ஐபி எண்) வருகிறீர்கள், யாரோடு எப்போது பேசுகிறீர்கள் என்பவை. இரவு 11 மணிக்கு ஒரு பெண் விவாகரத்து வழக்கறிஞருக்குச் செய்தி அனுப்புகிறார், உடனே அக்காவோடு நீண்ட நேரம் பேசுகிறார், மறுநாள் காலை வேறு ஊர் நிறுவனம் ஒன்றோடு பேசுகிறார். ஒரு வார்த்தைகூடப் படிக்காமலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். யார் யாரோடு பேசினார்கள் என்பதை எல்லோருக்குமாகச் சேர்த்து வைப்பதில்லை என்று வாட்ஸ்அப் சொல்கிறது. அப்படிச் சொல்கிறது என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எண்ணைக் கொடுத்தால் கணக்கு இருக்கிறதா என்று காட்டும் வசதியை மட்டுமே வைத்து, உலகம் முழுவதும் 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைப் பட்டியலிட முடிந்ததாக வெளியிட்டார்கள். பலரின் முகப்புப் படமும் அதோடு வந்தது. பூட்டு உடையவில்லை, செய்தி கசியவில்லை. ஆனாலும் இவ்வளவு வெளியே வந்தது.

இனி தோழி சொன்னதில் தவறான பாதி. காசு கொடுத்தால் ஒரு கணவருக்கு மனைவியின் செய்திகளை எடுத்துக் கொடுப்பார்கள் என்பது நடப்பதில்லை. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பின் எல்லாச் செய்திகளும், சிக்னல் உருவாக்கி உலகுக்கு வெளிப்படையாகக் கொடுத்த முறையில்தான் பூட்டப்படுகின்றன. மூல நிரல் கிடைக்காவிட்டாலும், போனில் ஏறும் செயலியைப் பிரித்து ஆராய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வழியில் கம்பெனி படிக்கிறது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. இரண்டு சிவப்பு டிக், ஒரு நீல டிக் வந்தால் அரசாங்கம் பார்க்கிறது என்று குடும்பக் குழுக்களில் சுற்றும் தகவலும் பொய். அதற்கு நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்தப் பூட்டுக்கு வெளியே நிற்கும் இடங்கள் சில உண்டு. யாராவது உங்களை 'ரிப்போர்ட்' செய்தால், அவருக்கு நீங்கள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்தின் பார்வைக்குப் போகும். மெட்டா ஏஐயிடம் கேட்பது மெட்டாவுக்கே போகிறது. கடைகள், வங்கிகள் போன்ற வணிகக் கணக்குகளுக்கு அனுப்புவதை அந்த நிறுவன ஊழியர்களும், அவர்கள் அமர்த்திய இன்னொரு நிறுவனமும் பார்க்கலாம். கூகுள் டிரைவில் போய்ச் சேரும் பேக்கப்புக்குத் தனிப் பூட்டு உண்டு, 2021 அக்டோபரில் வந்தது, ஆனால் அதை நாமாகப் போய்ப் போட வேண்டும். இன்றே போட்டுவிடுங்கள். அதன் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது, அதனால் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள்.

நகைக்கடன் விளம்பரம் பற்றி: நீங்கள் கூகுளில் அன்றைய தங்க விலை பார்த்திருப்பீர்கள், அடகு வைக்கப் போன கிளையில் உங்கள் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், அவர்களின் செயலியைப் போனில் ஏற்றியிருப்பீர்கள். விளம்பரம் துரத்த இது போதும். செய்தியைப் படித்ததற்கு இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

டெலிகிராம், அரட்டை, சிக்னல்

பயத்தில் நீங்கள் செய்த மாற்றம் உங்களை இன்னும் திறந்த வெளிக்குக் கொண்டுபோயிருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். டெலிகிராமில் சாதாரணமாக அனுப்பும் செய்தி நிறுவனத்தின் சர்வர் என்ற மையக் கணினியில் அவர்களால் திறக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் எண்ட் டு எண்ட் பூட்டு. குழுக்களுக்கு அதுவும் கிடையாது. போனில் ஏறும் செயலியின் நிரலை அவர்கள் வெளியிடுகிறார்கள், சர்வரில் ஓடுவதை வெளியிடுவதில்லை. யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார்கள் என்ற பேச்சும் உண்மையில்லை. ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022இல் சேனல் நடத்தியவர்களின் பெயர், எண், இணைய முகவரி ஆகியவற்றை டெலிகிராம் ஒப்படைத்தது. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதான பிறகு, விதி மீறுபவர்களின் எண்ணையும் இணைய முகவரியையும் முறையான சட்டக் கோரிக்கைக்குத் தருவோம் என்று கொள்கையையே மாற்றிக்கொண்டார்கள். கணவருக்கு இதனால் எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அந்தரங்கத்துக்காக வாட்ஸ்அப்பை விட்டு டெலிகிராமுக்குப் போவதில் பொருளில்லை.

அரட்டை ஜோஹோ நிறுவனத்தின் செயலி. தென்காசி வரை கிளை பரப்பி நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் என்ற மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் இதுவும் நிரலை வெளியிடாத செயலிதான். 2025 செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுவதும் மக்கள் அதில் சேர்ந்தபோது, அழைப்புகளுக்கு எண்ட் டு எண்ட் பூட்டு இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இன்று உங்கள் போனில் உள்ள பதிப்பில், நீங்கள் பேசும் அந்த உரையாடலுக்கே பூட்டு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லையென்றால் அதில் கோவில் திருவிழாப் படம் அனுப்பலாம், வழக்கு பற்றி எழுத வேண்டாம். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட, சர்வரில் இருப்பதைத் திறக்க முடியுமா என்பதுதான் முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி அரசு உத்தரவிட்டால், திறக்க முடிந்த நிறுவனம் திறந்து கொடுத்தாக வேண்டும்.

உங்கள் அக்கா மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிக்னலின் செயலி நிரலும் சர்வர் நிரலும் வெளியில் இருக்கின்றன. லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் வழியாக ஒரு பயனாளரைப் பற்றிய எல்லாத் தகவலையும் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இரண்டை மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. கொடுக்க மறுத்ததால் அல்ல, வேறு எதையும் சேர்த்து வைக்காததால். நான் மதிப்பது இதைத்தான்.

நிரல் திறந்திருந்தால் திருட்டே நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். உலகின் ஏராளமான சர்வர்கள் நம்பியிருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில், எக்ஸ்இஸட் என்ற சிறு கருவிக்குள் யாரோ பொறுமையாகக் காத்திருந்து கள்ளக் கதவு ஒன்றை வைத்தது 2024 மார்ச்சில் வெளிவந்தது. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியாளர், நிரலைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவரால் தோண்ட முடிந்தது, ஏனென்றால் அது திறந்திருந்தது. மூடிய நிரலில் அந்த அரை விநாடி அப்படியே போயிருக்கும்.

ஆகவே என் ஆலோசனை: அக்காவோடும் உங்கள் வழக்கறிஞரோடும் சிக்னலில் பேசுங்கள். செய்திகள் தானாக அழியும் வசதியை வழக்கறிஞரோடு பேசும் பக்கத்தில் மட்டும், அவரைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். அலுவலகம், பள்ளிக் குழு, உறவினர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள், அங்கே அப்படியே இருங்கள். எல்லாரையும் மாற்றப் போராட வேண்டாம். அந்த லேப்டாப்பில் சிக்னலை இணைத்தால் இதே கதை திரும்ப நடக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெகாசஸ் உளவு மென்பொருள் 2019இல் வாட்ஸ்அப் வழியாக ஏறத்தாழ 1,400 பேரின் போன்களைக் குறிவைத்தபோதும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. போனையே கைப்பற்றினார்கள். போனோ கணினியோ இன்னொருவர் கையில் இருந்தால் எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது.

சட்டம் என்ன தரும், என்ன தராது

வாட்ஸ்அப் மீது வழக்கு வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது உண்மை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்ததும், அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்ததும் உண்மை. ஆனால் நிறுவனம் கசியவிட்டதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. இருந்தாலும் அந்தச் சட்டத்தின்படி அபராதம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை. வீட்டுக்குள் தனிநபர் ஒருவர் சொந்தக் காரியத்துக்காகத் தரவைக் கையாள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தவும் பொருந்தாது. கணவரை அதில் இழுக்க முடியாது.

கணவர் செய்தது நிரூபணமானால் வேறு பிரிவுகள் உண்டு. ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் அல்லது வேறு மின்னணுத் தொடர்பை ஆண் ஒருவர் கண்காணிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி பின்தொடர்தல் என்ற குற்றம். அனுமதியில்லாமல் கணினியில் நுழைந்து தகவல் எடுப்பது, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யப்பட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரும். லேப்டாப் உங்கள் பணத்தில் வாங்கியது என்றால் அதன் ரசீதைத் தேடி எடுங்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் கொடுக்கலாம்.

கொடுக்க வேண்டுமா என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் வழக்கில் சமரச மையத்துக்குப் போகும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது, மகனின் பொறுப்பு பற்றியும் பேசியாக வேண்டும். குற்றவியல் புகார் கொடுத்தால் பேச்சுவார்த்தை இறுகிவிடும். முதலில் தடயங்களைச் சேர்த்து, இந்த ஊடுருவலைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே பதிலுரையில் எழுதுங்கள். வழியை அடைத்த பிறகும் கண்காணிப்பு தொடர்ந்தால், அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

திருட்டுத்தனமாக எடுத்ததை நீதிமன்றம் ஏற்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதை நம்பி வழக்கை நடத்தாதீர்கள். மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் எடுத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி இடையிலான வழக்கில் ஒருவர் மற்றவரோடு பேசியதை ரகசியமாகப் பதிவு செய்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் செய்திகள் அக்காவோடு பேசியவை, கணவரோடு பேசியவை அல்ல. இந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் அழுத்தமாக வாதிட முடியும். ஆனாலும் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதும் எதையும் பார்க்க அனுமதிக்கிறது. இந்த மின்னணு ஆவணங்களுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படியான சான்றிதழ் இணைத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது என்பதை அதில் சொல்லியாக வேண்டும். லேப்டாப்பின் பெயரை அவரே எழுதிக் கொடுக்க வேண்டிவரும்.

நகையை அடகு வைத்ததும் வேலை தேடியதும் குற்றமில்லை. கணவர் பணம் தராததால் வைத்தீர்கள் என்றால், ஜீவனாம்ச மனுவில் அது உங்களுக்கே சாதகம். துண்டு துண்டாக எடுத்துப் போட்டதற்குப் பதில், அக்காவின் போனில் இருக்கும் முழு உரையாடலைத் தாக்கல் செய்வதா என்று உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இதற்காகத்தான் இனி எதையும் அழிக்க வேண்டாம் என்கிறேன். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பதும் தனிக் குற்றம். வெறுப்பில் அழித்தீர்கள், மறைக்க அல்ல என்பது எனக்குப் புரிகிறது, எதிர்த்தரப்பு அப்படிச் சொல்லாது. எப்போது, எதை அழித்தீர்கள் என்பதை ஒளிக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கணவர் அனுப்பிய பழைய செய்திகள் அவர் போனில் இருக்கும், அவற்றைத் தாக்கல் செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. பழைய போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

கடைசியாக, மகனின் டேப்லெட். அதில் உங்கள் கூகுள் கணக்கையே போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் படங்கள், தொடர்புகள், போன் இருக்கும் இடம்வரை அதன் வழியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. மகன் அப்பா வீட்டுக்குப் போகும்போது டேப்லெட்டும் கூடவே போகும், இல்லையா? உங்கள் கணக்கை எடுத்துவிட்டு, குழந்தைகளுக்கான தனிக் கணக்கு ஒன்றை அதில் தொடங்குங்கள். உங்கள் கூகுள் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வீடியோ பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். அவனுக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும், நீதிமன்றமும் அதைத்தான் விரும்பும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். யாரிடம் என்ன பேசினாய் என்று அவனை விசாரிக்கவும் வேண்டாம்.